100 எம்பிபிஎஸ் லைன் இருந்தும் ராத்திரி மீட்டிங்கில் குரல் ஏன் உடைகிறது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்தில் வீடு. பெங்களூரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறீர்கள். லோக்கல் கேபிள்காரரிடம் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன். ஸ்பீடு டெஸ்டில் டவுன்லோடு 95 வருகிறது, அப்லோடு 20-ஐத் தொடுகிறது. பகலில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி ஏழரைக்கு மேல் வீடியோ மீட்டிங் என்றால் மட்டும் உங்கள் குரல் எதிர்முனையில் துண்டு துண்டாக உடைகிறது. அதே நேரத்தில் ஹாலில் அம்மா பார்க்கும் யூடியூப் தொங்காமல் ஓடுகிறது. கேபிள்காரர் "லைன் பக்காவா இருக்கு" என்கிறார். 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறலாமா, 5ஜி பாக்ஸ் வாங்கலாமா, மாந்தோப்பில் 60 மீட்டர் தள்ளியிருக்கும் அறைக்கு லேன் கேபிள் இழுத்து அங்கே உட்காரலாமா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் காசு போகும். எதற்குப் போக வேண்டும் என்று தெரிய, உங்கள் குரல் போகிற வழியில் எந்த இடத்தில் வரிசையில் நிற்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பன்னிரண்டு வருஷம் ஃபைபர் மெயின்டனன்ஸில் இருந்தேன். தொப்பூர் கணவாயிலிருந்து கிருஷ்ணகிரி வரை ரோட்டோரத்தில் ஜேசிபி எங்கே கேபிளை அறுத்தாலும் இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை. இடையில் எம்.இ. படித்தபோது வீட்டு இணைப்புகளில் வரும் தாமதத்தை அளப்பதுதான் என் ப்ராஜெக்ட். இப்போது மாம்பழக்கூழ் ஃபேக்டரி, கிரானைட் யூனிட், பள்ளிக்கூடம் என்று நெட்வொர்க் அமைத்துக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டை நான் பார்க்கவில்லை. அதனால் பொதுவாக உறுதியானவற்றை உறுதியாகவே சொல்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எது என்பதில் மட்டும் என் பேச்சை ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேகம். ஒரு ஆள் பேசும் குரலுக்கு 100 கேபிபிஎஸ் தாராளம். முகமும் சேர்ந்த நல்ல வீடியோவுக்கு 3 எம்பிபிஎஸ் போதும். உங்களிடம் மேலே போகிற பாதையே (அப்லோடு) 20 இருக்கிறது. ஆக, அகலம் பற்றாமல் குரல் உடையவில்லை. குரலுக்கு வேண்டியது நேரம் தவறாமை. ஒருபக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று ஐடியு-வின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதற்கு மேல் போகப் போக ஒருவர் பேச்சில் இன்னொருவர் மோதுவார். தாமதம் கூடிக் குறைந்து ஆடினால் இன்னும் மோசம். ஒழுங்காக வரவேண்டிய துண்டுகள் சில முன்னும் சில பின்னுமாக வரும், காலம் கடந்து வந்ததை மென்பொருள் தூக்கிப் போட்டுவிடும். "ரோபோ மாதிரி பேசுற" என்று உங்கள் டீம்காரர்கள் சொல்வது அதைத்தான். யூடியூப் அரை நிமிஷத்துக்கு மேல் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டுவதால் இந்த ஆட்டம் அம்மாவின் டிவியில் தெரிவதே இல்லை.

தூரம்தான் காரணம் என்று நம் ஊர்ப்பக்கம் நிறைய பேர் நம்புகிறார்கள். இல்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. காவேரிப்பட்டணத்திலிருந்து பெங்களூரு 100 கிலோமீட்டர் என்று வைத்தால் போய்வர 1 மில்லிசெகண்ட். உங்கள் கேபிள்காரரின் டிராஃபிக் சென்னைக்குப் போய்விட்டுத்தான் பெங்களூரு திரும்புகிறது என்றாலும் இன்னும் ஐந்தாறு சேரும், அவ்வளவுதான். கம்பெனியின் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் தனிப்பாதை) அமெரிக்கா வழியாகச் சுற்றினால் மட்டும் இருநூறுக்குப் பக்கமாக ஏறும். ஆனால் அது காலையிலும் ஏறும், ராத்திரியிலும் ஏறும். உங்கள் வியாதிக்கு மணி பார்க்கத் தெரிகிறது. மணி பார்க்கிற வியாதி என்றால் எங்கோ வரிசை நிற்கிறது என்று அர்த்தம்.

கிருஷ்ணகிரி டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ரோடு ஆறு வழி, எட்டு வழி என்று எவ்வளவு அகலமாக இருந்தாலும் கவுண்டரில் நிமிஷத்துக்கு இத்தனை வண்டிதான். உங்கள் வீட்டுக் கவுண்டர், மேலே போகும் அந்த 20 எம்பிபிஎஸ் வாசல். அதற்கு முன்னால் ரவுட்டருக்குள் பாக்கெட்டுகள் (தகவல் இப்படிச் சிறு துண்டுகளாகத்தான் போகிறது) காத்திருக்க ஓர் இடம் உண்டு, பஃபர் என்போம். நினைவகம் மலிவானதும் தயாரிப்பாளர்கள் அதைப் பெரிதாக வைத்துவிட்டார்கள். பாக்கெட் தொலையக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் டிசிபி என்கிற நெறிமுறை பெரும்பாலும், ஏதாவது ஒரு பாக்கெட் தொலைந்தால்தான் "ஓ, நெரிசல்" என்று வேகத்தைக் குறைக்கும். ஒரு வண்டியாவது திருப்பி அனுப்பப்படும்வரை லாரியை அனுப்பிக்கொண்டே இருக்கிற முதலாளி மாதிரி. வண்டி நிற்கும் மைதானம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு லாரி நிரம்பும், உங்கள் குரல் என்கிற ஆம்புலன்ஸ் அதற்குப் பின்னால் போய் நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 மெகாபைட் பஃபர் என்றால் 8 மெகாபிட். அது 20 எம்பிபிஎஸ் வாசலில் வடிய 0.4 விநாடி. அதாவது 400 மில்லிசெகண்ட், 150 என்ற எல்லையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஸ்பீடு டெஸ்ட் காட்டும் வேக எண்ணில் இது தெரியாது. அந்த நேரத்தில் வாசல் முழு வேகத்தில் வேலை செய்துகொண்டுதானே இருக்கிறது!

இது புதுச் செய்தி இல்லை. 1986-ல் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில், 400 கெஜ தூரம்தான், 32 கேபிபிஎஸ் ஓடவேண்டிய லைன் நெரிசலில் விநாடிக்கு 40 பிட் என்று படுத்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் 1988-ல் டிசிபிக்கு நெரிசல் கட்டுப்பாட்டை எழுதினார். 2010-ல் கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் ஃபைல் ஏற்றும்போது தாமதம் ஒரு விநாடியைத் தாண்டுவதைப் பார்த்து, இந்த வீங்கிய பஃபர் நோய்க்கு பஃபர்ப்ளோட் என்று பேர் வைத்தார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற மருந்தைக் கொண்டுவந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்பதை விட்டுவிட்டு ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். 5 மில்லிசெகண்டுக்கு மேல் தொடர்ந்து நிற்க ஆரம்பித்தால் ஒன்றிரண்டைத் தூக்கிப் போட்டு அனுப்புகிறவனுக்கு உணர்த்தும். இதோடு ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை சேர்த்ததுதான் எஃப்க்யூ கோடெல். இதை நீங்களும் போட்டுக்கொள்ளலாம், பின்னால் சொல்கிறேன்.

பாலக்கோட்டில் என் அண்ணன் வீட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். அண்ணன் மகள் ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள். "சித்தப்பா, எட்டேகால் ஆனா போதும், என் வாய்ஸ் போயிடுது" என்றாள். எட்டு மணி இல்லை, எட்டரை இல்லை, எட்டேகால். மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சோதனை) ஓட்டினேன். 9, 10 மில்லிசெகண்ட் என்று சும்மா ஓடிக்கொண்டிருந்தது எட்டேகாலுக்கு 700-க்குத் தாவியது. மூன்றாம் நாள்தான் கவனித்தேன்: வாசலில் அண்ணன் வண்டி நிறுத்துகிற சத்தமும் அந்தத் தாவலும் ஒன்றாக வருகின்றன. அவருக்குத் தக்காளி மண்டி. நாள் முழுக்க லோடு லோடாக வீடியோ எடுத்து வியாபாரிகளுக்கு அனுப்புகிறவர். வீட்டு வைஃபை கிடைத்ததும் அன்றைக்கு எடுத்ததெல்லாம் கிளவுடுக்கு ஏற ஆரம்பிக்கிறது. அந்த லைனின் அப்லோடு 10 எம்பிபிஎஸ். மகளின் குரல் தக்காளிக் கூடைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் போனில் வைஃபை பேக்கப்பை நிறுத்திவிட்டு, ராத்திரி படுக்கப்போகும்போது கையால் ஓட்டச் சொன்னேன். ஒரு ரூபாய் செலவில்லை. உங்கள் வீட்டில் வாசல் கேமரா ஒன்றும் ஆறு போனும் இருப்பதாக எழுதியிருப்பதைப் பார்த்தவுடன் எனக்கு இந்த ஞாபகம்தான் வந்தது. ஆனால் அது ஊகம். அளந்தால்தான் உறுதி.

அளப்பது எப்படி? ஒரு லேன் கேபிளால் லேப்டாப்பை நேராக ரவுட்டரில் செருகுங்கள். இரண்டு கறுப்பு ஜன்னல் (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டருக்கும் (பெரும்பாலும் 192.168.1.1) இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8 சர்வருக்கும் பிங் நிற்காமல் ஓடட்டும். முதலில் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் பாருங்கள். அப்புறம் இன்னொரு போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை ஏற்றிக்கொண்டே பாருங்கள். அப்புறம் கேபிளைக் கழற்றிவிட்டு, வழக்கமாக உட்காருகிற இடத்தில் வைஃபையில் பாருங்கள். இந்த மூன்றையும் காலை ஆறு மணிக்கு ஒருமுறை, ராத்திரி எட்டரைக்கு ஒருமுறை. வைஃபையில் ரவுட்டருக்கே பிங் 3-லிருந்து 150-க்கு ஆடினால் கோளாறு உங்கள் வீட்டுக் காற்றில். ரவுட்டர் பிங் 1 மில்லிசெகண்டிலேயே நிற்க, வெளிப் பிங் மட்டும் வீடியோ ஏறும்போது எகிறினால் அண்ணன் வீட்டுக் கதை. வீடே அமைதியாக இருந்தும் காலையில் 10, ராத்திரியில் 120 என்றால் வரிசை கேபிள்காரருக்கு அந்தப் பக்கம். கூடவே ஒருநாள் ப்ளூடூத் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒயர் ஹெட்செட்டில் பேசிப் பாருங்கள். ப்ளூடூத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் இடித்துக்கொள்கின்றன. நெட்டைத் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் குற்றவாளி காதில் இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ட்ரேஸ்ரூட் (வழியில் இருக்கும் ஒவ்வொரு ஹாப்பையும், அதாவது நிறுத்தத்தையும், காட்டும் சோதனை) ஓட்டிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நடுவில் ஏதோ ஒரு ஹாப்பில் 200 மில்லிசெகண்ட் காட்டினால் உடனே அங்கே கோளாறு என்று சண்டைக்குப் போகாதீர்கள். பெரிய ரவுட்டர்கள் தங்களையே கேட்கும் பிங்குக்குச் சாவகாசமாகத்தான் பதில் சொல்லும். மற்றவர்களுடைய பாக்கெட்டைக் கடத்திவிடுவதுதான் அவற்றின் முதல் வேலை. அந்த ஹாப்பிலிருந்து கடைசி வரைக்கும் எல்லா எண்ணும் ஏறியிருந்தால்தான் அது சாட்சி.

கேபிள்காரர் "லைன் பக்கா" என்று சொன்னதைப் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் பார்த்தது ஒளியின் அளவை. ஓஎல்டி-யிலிருந்து (கேபிள்காரர் பக்கத்து ஒளிப் பெட்டி) +3 டிபிஎம் (ஒளிச் சக்தியை அளக்கும் அலகு) புறப்படுகிறது என்று வைப்போம். ஒன்றை எட்டாக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 10.5 டெசிபல் போகும். வழியில் அப்படி இரண்டு என்றால் 21. ஆறு கிலோமீட்டர் இழைக்கு ஒன்றரை, கனெக்டர்கள் நாலுக்கு ஒன்றேகால். உங்கள் பெட்டிக்கு வந்து சேருவது ஏறக்குறைய −21 டிபிஎம். ஜிபான் (ஓர் இழையைப் பல வீடுகள் பகிரும் ஃபைபர் முறை) பெட்டிகளுக்குப் பொதுவாக −27 வரை தாங்கும் என்று கணக்கு. −21 என்றால் லைன் பக்காதான். உங்கள் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்று இந்த எண் இருக்கும், நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒளி கொஞ்சம் குறைந்தால் வேகம் கொஞ்சம் குறையும் என்று நினைக்காதீர்கள். ஃபைபரில் ஒரு வரம்புவரை எல்லாம் சரியாகப் போகும், அதைத் தாண்டினால் பிழை பெருகி சிவப்பு லைட் வந்துவிடும். நடுவில் தள்ளாடும் இடம் மிகக் குறுகலானது.

ஆனாலும் அந்தத் தள்ளாடும் இடத்தில் சில வீடுகள் மாட்டிக்கொள்வது உண்டு, குறிப்பாக நம் ஊர்ப்பக்கம். கேபிள் டிவிக்குப் போட்ட கம்பத்து லைனிலேயே இன்டர்நெட்டையும் ஓட்டுகிற இடங்களில், ஸ்ப்ளிட்டருக்குப் பதில் கப்ளர் கப்ளராகக் கம்பத்துக்குக் கம்பம் கொஞ்சம் கொஞ்சமாக ஒளியைக் கிள்ளிக்கொண்டே போவார்கள். கடைசி வீட்டுக்கு மிச்சம்தான். வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு வீட்டில் பவர் மீட்டரை வைத்தபோது −26.8 காட்டியது. டிவிக்குப் பின்னால் பார்த்தால் மஞ்சள் பேட்ச் கார்டை அழகாகச் சுருட்டி ஓர் ஆணியில் இறுக்கி மாட்டியிருந்தார்கள். சாதாரண ஜி.652 இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. ஆணியிலிருந்து கழற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சுருளை அவிழ்த்து விட்டேன். −23.9. அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒளி. வீட்டுக்காரம்மா "இதுக்கா ஆறு மாசமா கஷ்டப்பட்டோம்?" என்று கேட்டார். ஆமாம், அதற்குத்தான். உங்கள் ஆர்எக்ஸ் பவர் −25-க்குக் கீழே இருந்தால் முதலில் அந்தச் சுருளைப் பாருங்கள்.

இன்னொரு விநோதமும் உண்டு. ஜிபானில் கீழே வரும் 2.488 ஜிபிபிஎஸ்-ஐயும் மேலே போகும் 1.244 ஜிபிபிஎஸ்-ஐயும் ஓர் இழையில் 32, 64 வீடுகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. மேலே போகும் திசையில் ஒவ்வொரு பெட்டியும் தன் முறை வரும்போது மட்டும் லேசரை எரித்து, மற்ற நேரம் அணைந்திருக்க வேண்டும். மத்தூர் பக்கம் ஒரு தெருவே சாயங்காலமானால் விட்டு விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒவ்வொரு வீடாகக் கழற்றிக்கொண்டே வந்தபோது, ஒரே ஒரு வீட்டுப் பெட்டி முறை தவறி லேசரை எரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அதை எடுத்ததும் தெரு முழுக்கச் சரியாகிவிட்டது. அபூர்வம்தான். உங்கள் தெருவில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பிரச்சினை என்றால் மட்டும் இதைக் கேபிள்காரரிடம் சொல்லிவையுங்கள்.

64 வீட்டுக்கு 2.488 ஜிபிபிஎஸ் என்றால் தலைக்கு 39 எம்பிபிஎஸ்தானே, 100 என்று விற்பது ஏமாற்றில்லையா என்று கீழே கமென்டில் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. எல்லாரும் ஒரே நொடியில் கேட்பதில்லை என்ற கணக்கின் மேல்தான் தொலைபேசி காலத்திலிருந்தே தொழில் நடக்கிறது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த எர்லாங் 1909-லேயே அந்தக் கணக்கின் அடிப்படையை எழுதிவிட்டார். பங்குபோடுவதில் தவறில்லை, எத்தனை பேருக்கு என்பதில்தான் நேர்மை இருக்கிறது. அந்த நெரிசல் இழையில் வருவதைவிட, கேபிள்காரர் மேலே பெரிய கம்பெனியிடம் வாங்கியிருக்கும் மொத்த பேண்ட்விட்தில் வருவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அங்கேயும் யூடியூப் தப்பித்துவிடும். கூகுள் தன் கேஷ் சர்வர்களை (அடிக்கடி பார்ப்பவற்றைச் சேமித்து வைக்கும் கணினிகள்) இணைய நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்திருக்கிறது. அம்மாவின் வீடியோ பக்கத்துத் தெருக் கடையிலிருந்து வருவது மாதிரி. உங்கள் ஆபீஸ் விபிஎன் மட்டும் நெரிசலான மெயின்ரோட்டில் போகவேண்டும். ஸ்பீடு டெஸ்ட் சர்வரும் பல நேரம் அந்தப் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும், அதனால்தான் 95. ஆகவே டெஸ்ட் எடுக்கும்போது சர்வரைப் பெங்களூரு என்று நீங்களே மாற்றி, ராத்திரியில் எடுங்கள்.

வைஃபையைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும். காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும். தூரத்தில் இருக்கும் பழைய போன் மெதுவாகப் பேசினால் மற்ற எல்லாரும் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். 1,500 பைட் பாக்கெட்டை 6 எம்பிபிஎஸ்-ல் அனுப்ப 2 மில்லிசெகண்ட் ஆகும். 150-ல் அனுப்ப அதில் 25-ல் ஒரு பங்கு. ஒரு மெதுவான சாதனம் எல்லாரையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடுகிறது என்பதை 2003-லேயே பிரான்சின் கிரனோபிளில் அளந்து எழுதிவிட்டார்கள். ராத்திரி எல்லாரும் வீட்டுக்கு வந்தபின் குரல் உடைவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அடுத்தது சுவர். நம் பக்கத்துப் பழைய வீடுகள் கருங்கல் கட்டடம், ஒன்றரை அடி கனம். 5 ஜிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டித் திணறும். பல வீடுகளில் சிக்னல் சுவர் வழியாக வருவதே இல்லை, திறந்த கதவு வழியாகத்தான் வருகிறது. கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங் பேசுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். பெட்டி பீரோவுக்குப் பின்னாலோ இரும்பு அலமாரி மேலோ இருந்தால் திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். எக்ஸ்டெண்டர் வாங்காதீர்கள், மலிவானவை வாங்கிய பாக்கெட்டை அதே காற்றில் இன்னொருமுறை சொல்வதால் பாதி வேகம் போய்விடும். பத்து மீட்டர் லேன் கேபிள் வாங்கி மேஜைக்கு இழுங்கள்.

5ஜி பாக்ஸ் பற்றி. 2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் 5ஜி வந்தபிறகு கிருஷ்ணகிரி, ஓசூர் டவுனுக்குள் அது நன்றாகவே ஓடுவதைப் பார்க்கிறேன். ஆனால் வேகம் தருகிற 3.5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை மலையையும் தோப்பையும் தாண்டாது. சையத் பாஷா மலைக்கு ஒருபக்கம் முழுக் கோடு, மறுபக்கம் ஒன்றுமில்லை. கோடுகளை நம்புவதிலும் ஒரு தவறு இருக்கிறது. டவர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா என்பதைத்தான் அது காட்டும். டவர் பல மடங்கு சக்தியோடு கத்துகிறது, உங்கள் போன் ஒரு வாட்டுக்கும் குறைவாக முணுமுணுக்கிறது. உங்கள் குரல் போகவேண்டிய திசை அந்த முணுமுணுப்புத் திசைதான். போதாததற்கு இந்தப் பட்டையில் நேரத்தின் பெரும்பங்கு கீழே வரும் திசைக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் உங்கள் 5ஜி போனையே ஹாட்ஸ்பாட்டாக வைத்து, மீட்டிங் நேரத்தில் ஒரு வாரம் பேசிப் பாருங்கள். எப்படியும் ஃபைபர் அறுந்த நாளுக்கு மாற்றாக அது கையில் இருக்கட்டும். மாங்காய் சீசனில் லோடு லாரி டிராப் கேபிளை இழுத்துக்கொண்டு போவது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சரி, 200 எம்பிபிஎஸ் பிளான்? அதில் அப்லோடு 40 ஆகிறது என்று வைத்தால், அதே 1 மெகாபைட் வரிசை 0.4 விநாடிக்குப் பதில் 0.2 விநாடியில் வடியும். இன்னும் 150-க்கு மேல்தான். வரிசை கேபிள்காரருக்கு அந்தப் பக்கம் என்றால் இந்த மாற்றமும் இல்லை, மாதச் செலவு மட்டும் ஏறும். அதற்குப் பதில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஓடக்கூடிய ரவுட்டர் ஒன்றை ஓஎன்யு-வுக்கு (ஃபைபர் வந்து சேரும் வீட்டுப் பெட்டி) பின்னால் வைத்து, எஸ்க்யூஎம் என்ற வரிசை ஒழுங்குபடுத்தும் வசதியை இயக்குங்கள். அப்லோடு வரம்பை அளந்த 20-க்குச் சற்றுக் கீழே, 18 என்று வையுங்கள். வாசலைவிடக் குறைவாக நீங்களே அனுப்பினால் வரிசை கேபிள்காரர் பெட்டியில் சேராது, உங்கள் ரவுட்டரில் சேரும். அங்கேதான் நான் சொன்ன கோடெல் உட்கார்ந்து ஆம்புலன்ஸுக்கு வழிவிடும். 2 எம்பிபிஎஸ்-ஐத் தியாகம் செய்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் வைஃபை கோளாறையோ மேலே இருக்கும் நெரிசலையோ இது சரிசெய்யாது.

கடைசியாக மாந்தோப்பு அறை. 60 மீட்டர் என்பது ஈதர்நெட்டின் 100 மீட்டர் எல்லைக்குள்தான். ஆனாலும் செம்பு லேன் கேபிளை வெட்டவெளியில் இழுக்காதீர்கள். சித்திரை, வைகாசி இடிமழைக்கு எங்கோ பக்கத்தில் மின்னல் விழுந்தாலே கேபிளில் பாயும் மின்சாரம் இரண்டு முனையிலும் இருக்கும் பெட்டியைச் சுட்டுவிடும். ராயக்கோட்டை பக்கம் ஒரு தோட்டத்தில் ரவுட்டரோடு லேப்டாப்பும் போனதைப் பார்த்தேன். அதே தூரத்துக்கு டிராப் ஃபைபரும், இரு முனைக்கும் ஒரு ஜோடி மீடியா கன்வெர்ட்டரும் (ஒளியை லேன் சிக்னலாகவும் லேன் சிக்னலை ஒளியாகவும் மாற்றும் பெட்டி) போடுங்கள். டிராப் கேபிளில் இழையோடு ஓர் இரும்புக் கம்பி வரும், அதை இரண்டு பக்கமும் சுவருக்கு வெளியிலேயே வெட்டி விடச் சொல்லுங்கள். ஸ்ப்ளைஸ் அடிக்க உங்கள் கேபிள்காரரின் பையனையே கூப்பிடலாம், அரை மணி நேர வேலை.